கறள் வாளியும் மாரி மழையும்

நேற்றுப் பின்னேரம் மாங்குளத்துச் சிநேகிதன் போன் எடுத்தான். "மச்சான், உந்தக் கரண்ட் வாளி நல்லதோ? நானும் ஒன்று செய்யட்டோ?" கறள் (துரு) பிடித்த இரும்பைச் சோடாத் தண்ணீரில் தொங்கவிட்டு, கரண்ட் விட்டுக் கறளை எடுக்கிற வாளியைத்தான் கேட்டான். பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கோபம் வந்து வைத்துவிட்டேன். காரணம் பிறகு சொல்கிறேன்.

செய்முறை அவனுக்குத் தெரியும். நாலு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ற் பற்றறிச் சார்ஜர். சாமானுக்கு மைனஸ், கழித்துவிட்ட இரும்புத் துண்டுக்குப் பிளஸ். மாறிக் கொடுத்தால் சாமான்தான் கரையும். புது ஓட்டோமற்றிக் சார்ஜர்கள் பற்றறியைக் காணாவிட்டால் கரண்டே விடாது, பழைய இரும்புப்பெட்டிச் சார்ஜர்தான் சரி. சோடா இல்லையென்று உப்பைப் போட்டுவிடாதே, நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். ஆனையிறவு உப்புக் கரைசலில் கரண்ட் விட்டுத்தான் பரந்தன் தொழிற்சாலையில் ஒரு காலத்தில் குளோரின் எடுத்தார்கள். எவர்சில்வரைப் பிளஸ்ஸில் மாட்டினால் அதிலுள்ள குரோமியம் நஞ்சாகக் கரையும்.

வாளிக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். 2008இல் இடம்பெயர முதல் அப்பா கிணற்றடியில் புதைத்த, மரம் செதுக்குகிற வாய்ச்சி, திரும்பி வந்து தோண்டும்போது செங்கட்டிபோல இருந்தது. வருசக்கணக்காக அப்படியே மூலையில் கிடந்ததை ஒரு இரவு வாளியில் தொங்கவிட்டேன். காலையில் மேலெல்லாம் கறுப்புச் சேறு. தேங்காய்த் தும்பால் உரைக்க உரைக்க, அடித்த கொல்லனின் முத்திரை தெளிவாக வந்தது. அப்பாவுக்கே அது மறந்துபோயிருந்தது. கிரைண்டர் பிடித்திருந்தால் முத்திரையையும் சேர்த்துத் தின்றிருக்கும். வாளி கறளைத்தான் எடுக்கும், இரும்பைத் தின்னாது. பழைய பெயின்றையும் அப்படித்தான் எடுக்கும். கிளிப் மாட்ட ஓரிடத்தில் சுரண்டிவிட்டால் போதும், அடியிலிருந்து நுரை கிளம்பிப் பாம்புச் சட்டைபோலக் கழன்றுவரும். பிளஸ் இரும்பைப் பார்த்த பக்கம்தான் நன்றாகப் போகும், இடைக்கிடை திருப்பிவிட வேண்டும். அது ஒரு வேலையே இல்லை.

என் வயிற்றெரிச்சல் வேறு. வாளியை விட்டு எடுத்த இரும்பு பச்சைப்பிள்ளை மாதிரி. மேலே கறளும் இல்லை, எண்ணெயும் இல்லை. மாரிக் காற்றின் ஈரமே போதும், தேத்தண்ணி குடித்துவிட்டு வர முதல் மஞ்சள் பூத்துவிடும். கொதிதண்ணீர் ஊற்றினால் இரும்பு சூடேறித் தானே காயும் என்பார்கள். மாசியில் காய்ந்தது, மார்கழியில் காயவில்லை. "அடுப்படியில் வையுங்கோவன்" என்றாள் மனைவி. அது சரிவந்தது. ஆனால் வாளியில் நுரைப்பது தீப்பற்றுகிற ஐதரசன் வாயு, வாளியை நெருப்புக்குக் கிட்டக் கொண்டுபோக ஏலாது. ஒவ்வொரு சாமானையும் தூக்கிக்கொண்டு முற்றத்து மழைக்குள்ளால் ஓட வேண்டும்.

நேற்று லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் பெட்டி பூட்டுகிற கொழுக்கியைக் கழுவி, வெள்ளிபோலக் கையில் பிடித்திருந்த நேரம்தான் போன் வந்தது. கதைத்து முடிய முதலே கொழுக்கி முழுக்க மஞ்சள்.

ஆகவே மச்சான், உனக்கு என் பதில்: வேண்டாம், கம்பி பிரஷ் வாங்கு. தைப்பொங்கல் கழியக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வேன். கொழுக்கி திரும்ப வாளிக்குள்தான் கிடக்கிறது. இன்றைக்குப் பின்னேரம் மட்டும் போன் எடுக்காதே.