ஏழு கட்டமா, மூன்று கட்டமா? கந்தோரில் வெக்கையைப் பற்றிக் கேட்பது எப்படி

மட்டக்களப்பு நகரில் ஒரு மூன்று மாடிக் கந்தோர், 28 பேர். மத்தியானத்துக்குப் பிறகு மேல்மாடியில் இருக்கவே முடியவில்லை என்று முறைப்பாடு. எல்லாரிடமும் ஒழுங்காகக் கேட்டுவிடுவோம் என்று படிவம் எழுத உட்கார்ந்தோம். இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, கட்டடத்துக்குள் எவ்வளவு சூடு, குளிர் வசதியானது என்று வகுக்கும் அமெரிக்கத் தரநிலையான ஆஷ்ரே 55இல் உள்ள ஏழு கட்ட அளவு. நடுவில் பூச்சியம், குளிர்ப் பக்கம் மைனஸ் 3 வரை, சூட்டுப் பக்கம் பிளஸ் 3 வரை. மற்றது மூன்றே கட்டம்: இப்போது இருப்பதைவிடக் குளிராக வேண்டுமா, சூடாக வேண்டுமா, இப்படியே இருக்கட்டுமா?

ஏழு கட்டத்தின் பலம் கணக்கில் இருக்கிறது. காற்றின் வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம், சுவரும் கூரையும் வீசும் சூடு, உடுப்பு, வேலை ஆகியவற்றைக் கொண்டு டென்மார்க் ஆய்வாளர் ஃபாங்கர் வகுத்த கணிப்பும் இதே அளவில்தான் வரும். அளவுக்கருவிகள் கையில் இருந்தால் கணிப்பையும் ஆட்கள் சொன்னதையும் ஒப்பிடலாம்.

ஆனால் தமிழில் எழுதியதும் சிக்கல் வந்தது. மைனஸ் 1க்கு 'சற்றுக் குளிர்ச்சி' என்று போட்டோம். குளிர்ச்சி நமக்கு நல்ல சொல். தொந்தரவு என்றால் கூதல் என்போம். பிளஸ் 1க்குப் போட்ட 'வெதுவெதுப்பு', பிள்ளையைக் குளிப்பாட்டும் தண்ணீரைத்தான் நினைவூட்டியது. வெக்கையும் புழுக்கமும் ஒரே ஏணியின் படிகளும் அல்ல. கச்சான் காற்று மலைநாட்டைத் தாண்டி வறண்டு வந்து அடிக்கும்போது வெக்கை. மாரிக்கு முன் மேகம் மூடிக் காற்று அசையாதபோது புழுக்கம். முன்னதற்குக் கூரையையும் மேற்கு ஜன்னலையும் மறைக்க வேண்டும், பின்னதற்குக் காற்று ஓட வேண்டும்.

மாதிரிப் படிவத்தை மேல்மாடியில் ஓர் அக்காவிடம் கொடுத்தேன். பென்சிலால் பிளஸ் 1ல் அடையாளம் போட்டார், அழித்தார், பிளஸ் 2க்குப் போனார். பிறகு நிமிர்ந்து, "தம்பி, இதுல புழுக்கம் எங்க இருக்கு?" என்றார். தலைக்கு மேலே ஃபேன் 2ல் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டினால் காகிதம் பறக்குமாம். அப்படியும் கோவைகளின் மேல் கல் வைத்திருந்தார். ஏழு கட்டத்தில் இதற்கு இடமே இல்லை.

அதனால் என் தெரிவு மூன்று கட்டம். எவ்வளவு மோசம் என்பது அதில் தெரியாது, அது உண்மையான இழப்புதான். அதை ஈடுகட்ட 'இந்த நிலையை ஏற்கலாமா' என்று ஒரு ஆம்/இல்லை கேள்வி சேர்த்தோம். 80 சதவீதம் பேருக்கு ஏற்புடையதாக இருப்பதே அந்தத் தரநிலையின் இலக்கு. காற்றோட்டத்துக்குத் தனிக் கேள்வி, ஃபேனைக் கூட்ட முடியாததன் காரணத்துக்கு ஒரு வரி.

வருடத்துக்கு ஒருமுறை பொதுவாகக் கேட்பதா, அந்த நேரத்து நிலையைக் கேட்பதா? அந்த நேரம்தான். மழைக்கால ஜனவரியில் உட்கார்ந்து ஜூலை வெக்கையைச் சரியாக நினைவுபடுத்த முடியாது. காலை 10 மணிக்கும் பின்னேரம் 2.30க்கும், கதிரையில் 15 நிமிடமாவது இருந்த பிறகு கேட்க வேண்டும். 20 முதல் 45 பேர் உள்ள இடத்தில் 15 பேராவது பதில் தர வேண்டும் என்கிறது தரநிலை.

வாட்சப் வேண்டாம், காகிதமே போதும். பெயர், வயது கேட்காதீர்கள். சிறிய கந்தோரில் வயதே ஆளைக் காட்டிவிடும். எந்த மாடி, ஜன்னல் ஓரமா என்பது போதும்.

கச்சானுக்கு முன் படிவம் அச்சாகிவிடும். புழுக்கத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது, காகிதம் பறப்பதற்கும் ஒன்று.