கார்பெட் டயர்னு சொல்லி ₹9,850 வாங்கிட்டாங்க: ஆர்சி (ரிமோட் கண்ட்ரோல்) டூரிங் கார் ஓட்டறவங்க பணம் அனுப்பறதுக்கு முன்னாடி படிங்க

கோவத்துல எழுதறேன். எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

கார்பெட் விரிச்ச டிராக்குல ஓடற ஆர்சி காருக்கு மூணு செட் டயர், செட் ₹2,850. டயரை இளக்கத் தடவற டயர் சாஸ் ஒரு பாட்டில் ₹1,100. கூரியர் ₹200. மொத்தம் ₹9,850. வந்தது கார்பெட் டயரே இல்ல. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கவும் மாட்டாராம். கடை பேரை இங்க போடல, புகார் கொடுக்கப் போறதால. ஆர்சி பாகங்களை வெளிநாட்டுல இருந்து இறக்கி இணையத்துலயும் வாட்ஸ்அப்லயும் விக்கிற கடை. இவ்ளோதான் சொல்ல முடியும்.

கார்பெட் ஓட்டாதவங்களுக்காக ரெண்டு வார்த்தை. காட்பாடி பக்கம் ஷெட்டுல நாங்க விரிக்கறது பந்தல்காரங்க எக்ஸிபிஷனுக்குப் போடற நீடில் பஞ்ச் (ஊசியால குத்தி நாரை அடைச்ச) கார்பெட். நிஜக் காரோட பத்துல ஒரு பங்கு (1/10) டூரிங் கார், 190 மி.மீ. அகல பாடி, சக்கரம் மாட்ட 12 மி.மீ. ஹெக்ஸ் (அறுகோண முனை), ரப்பர் டயர். தார் ரோட்டு டயர் இதுல வேலைக்கு ஆகாது. ரோட்டுல சூடு ஏறி ரப்பர் இளகும், மணலும் தூசியும் இருக்கும், அதுக்குக் கொஞ்சம் கெட்டியான ரப்பர் தாங்கும். ஷெட்டுக்குள்ள அந்தச் சூடு கிடையாது. மேல கோடு, பள்ளம் எதுவும் இல்லாத வழவழ ஸ்லிக் டயர், ரப்பர் மிருதுவா இருந்து கார்பெட் நாருக்குள்ள கொஞ்சம் அமுங்கணும், அப்பதான் பிடிப்பு. ரொம்ப மிருதுவா போனா பிடிப்பு எகிறி, வளைவுல கார் படுத்துடும். ட்ராக்ஷன் ரோல்னு சொல்றது அதைத்தான். கெட்டியா போனா பனிக்கட்டி மேல விட்ட மாதிரி வழுக்கும். இந்த நடுவாந்தரம் பிடிக்கறதுக்குத்தான் காசு கொடுக்கறோம்.

இப்ப நான் விழுந்த இடத்துக்கு வரேன். போன்ல பேசினப்போ கேள்வி கேட்டது நான் இல்ல, கடைக்காரர். "கார்பெட் லூப்பா நீடில் பஞ்சா ப்ரோ?" "மோட்டர் 21.5-ஆ 17.5-ஆ?" "வேலூர் வெயில்ல மத்தியானம் ஷெட்டுக்குள்ள எவ்ளோ இருக்கும்?" "வாடை அடிக்கற சாஸ் உள்ள விடுவாங்களா?" "முன்னாடி ஸ்பூலா, ஒன்வேயா?" கார்பெட் வகை, மோட்டர்ல கம்பி சுத்து, முன் அச்சு அமைப்புன்னு இப்படி ஒவ்வொண்ணா. இந்தக் கேள்வியெல்லாம் சும்மா பொம்மைக்கார் விக்கிறவன் வாயில வராது. கடைசியா, "உங்க டிராக்குக்கு 28 எடுங்க ப்ரோ, 36 போட்டா ஓடாது, நானே வேணாம்னு சொல்லிடுவேன்"னு சொன்னார். 28, 36-ங்கறது ரப்பர் கலவையோட பேரு. வேணாம்னும் சொல்றாரேன்னு நம்பிட்டேன். அதுதான் தூண்டில்.

படம் கேட்டேன், அனுப்பினார். பாக்கெட் அட்டை, அதுல 28-னு அச்சு. இப்ப அதே படத்தை எடுத்துப் பார்க்கறேன்: டயர் தெரியவே இல்ல, அட்டை மட்டும்தான். அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சது 28 மட்டும். பணம் போடறப்போ, "கடை அக்கவுண்ட்ல லிமிட் முடிஞ்சிடுச்சு, தம்பி நம்பருக்குப் போட்டுடுங்க"ன்னார். போட்டேன். ₹9,850. பில் பார்சலோட வரும்னார். வரல.

போன வியாழக்கிழமை பார்சல் வந்தது. அட்டை இல்ல, வெறும் பிளாஸ்டிக் கவர், மேல மார்க்கர்ல 28-னு எழுதியிருக்கு. டயர் ஸ்லிக்தான், கருப்புதான், பார்க்க ஒண்ணும் தெரியாது. கட்டைவிரலால அமுக்கினேன், அமுங்கல. பக்கச் சுவர்ல லேசா வெள்ளை பூத்திருக்கு, துடைச்சா போகுது, மறுநாள் திரும்ப வருது. ரொம்ப நாளா கிடந்த பழைய ரப்பர் இப்படிப் பூக்கும். மடிச்சுப் பார்த்தா மயிரிழை வெடிப்பு.

சரி, கையால அமுக்கினது சாட்சி ஆகாதேன்னு அளந்தே பார்த்துட்டேன். இங்கதான் வேலூர்ல இருக்கறதோட லாபம். ஆம்பூர்ல சோல் யூனிட்ல வேலை பாக்கற பாய் ஒருத்தர் பழக்கம். செருப்பு சோல் சரியா வெந்திருக்கான்னு பாக்க அவங்க கையிலயே ஷோர் ஏ டியூரோமீட்டர் இருக்கும். ஊசி முனை ரப்பருக்குள்ள எவ்ளோ இறங்குதுன்னு காட்டற சின்ன கடிகாரம் மாதிரி கருவி, எண் கூடினா ரப்பர் கெட்டி. டயர்ல நாலு இடத்துல வச்சார்: 57, 58, 58, 59. என்கிட்ட ஏற்கெனவே ஓடித் தேய்ஞ்ச நல்ல கார்பெட் செட் ஒண்ணு இருந்தது, அதே கருவி, அதே கை: 33. பாய் சிரிச்சுட்டு சொன்னார்: "இன்னா தலைவா, எங்க சோலே 60 தான் வருது. இதை டயர்னு வாங்கிகினு வந்துக்கற?"

ஒரு விஷயம் கவனிங்க. ஷோர் அளவு சரியா வர கீழ 6 மி.மீ. கனமாவது ரப்பர் இருக்கணும். டயர்ல அவ்ளோ கனம் கிடையாது, உள்ள இன்சர்ட் (டயருக்குள்ள வைக்கிற ஸ்பாஞ்ச் வளையம்) வேற மெத்துனு இருக்கு. அதனால கருவி காட்டறது உண்மையை விடக் குறைவாத்தான் இருக்கும். 58-னா நிஜத்துல அதுக்கும் மேல. அப்புறம், பாக்கெட்ல போடற 28, 36 எல்லாம் ஷோர் நம்பர் இல்ல, கம்பெனி தன் காம்பவுண்டுக்கு (ரப்பர் கலவைக்கு) வச்ச பேரு. ஒரு கம்பெனி 28-ஐ இன்னொரு கம்பெனி 28-ஓட ஒப்பிடவே முடியாது. நல்லதுன்னு தெரிஞ்ச ஒரு டயர் பக்கத்துல வச்சு, ரெண்டையும் ஒரே கருவியில பார்த்தாத்தான் அர்த்தம்.

ஒரு செட்டை மட்டும் மாட்டினேன். மீதி ரெண்டு செட் கவர் பிரிக்காம இன்னும் அப்படியே இருக்கு, இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னால வரும். மாட்டறதுக்கு முன்னாடி வெர்னியர் வச்சேன். முன் ரெண்டும் 63.2 மி.மீ. விட்டம், பின் ரெண்டும் 64.5. ஒரே செட்! 1.3 மி.மீ. தானேன்னு விடக்கூடாது, அது 2 சதவீதம். டூரிங் கார்ல முன்னும் பின்னும் பெல்ட்டால கட்டிப் போட்டிருக்கு, ரெண்டு அச்சும் ஒரே சுத்து சுத்தும். சக்கர அளவு மாறினா ஒரு அச்சு மத்த அச்சை இழுத்துட்டே போகும். டயர் தேயும், பெல்ட் இறுகும், மோட்டர் வேகும். 5 நிமிஷ ஓட்டத்துக்கு வழக்கமா 68 டிகிரியில நிக்கிற என் மோட்டர் 88-க்குப் போச்சு. கியர் ஒண்ணும் மாத்தல.

பிடிப்பைப் பத்திப் பேசவே வேணாம். மூணாவது வளைவுல பின்பக்கம் தனியா கிளம்பிடுச்சு. நாலாவது சுத்துல வலது பின் டயர் ரிம்மை விட்டுப் பிரிஞ்சு டிராக் ஓரப் பலகையில போய் அடிச்சது. ஒட்டி வந்த டயர்னு விக்கிறாங்க, ஆனா பசை ரெண்டு இடத்துல படவே இல்ல. ஒட்டி வந்த டயரா இருந்தாலும், டயர் உதட்டை (ஓரத்தை) விரல் நகத்தால ரிம்மைச் சுத்தி ஒரு தடவை நெம்பிப் பாருங்க. பிரிஞ்சா மெல்லிசு சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டு அமுக்கிப் பிடிக்கணும். இது எனக்கே தெரியும், அவசரத்துல செய்யல, அந்த ஒரு தப்பு என்னுது.

பிரிஞ்ச டயரை அறுத்துப் பார்த்தேன். உள்ள அச்சுல வார்த்த முழு வளைய இன்சர்ட் இருக்கணும். இருந்தது பாத்திரம் கழுவற ஸ்பாஞ்ச் மாதிரி ஒரு பட்டை, வளைச்சு முனையை ஒட்டி வச்சிருக்கான். ஒட்டின இடம் மேடு. சுத்துக்கு ஒரு தடவை அந்த மேடு தரையைத் தொடும், கார் தத்தும். (முதல்ல 'அவர்'னு எழுதிட்டு வந்தேன். இந்த ஸ்பாஞ்சைப் பார்த்ததுக்கு அப்புறம் என்னால முடியல.)

சாஸ் பாட்டில்ல லேபிளே இல்ல. மூடியைத் திறந்தா பெயின்ட் தின்னர் வாடை. வாடை இல்லாததுன்னு கேட்டு வாங்கினது.

இனி அவன் சொன்ன சாக்குகள். ஒவ்வொண்ணும் ஸ்கிரீன்ஷாட் இருக்கு.

முதல் நாள்: "சாஸ் நல்லா ஊற வைங்க ப்ரோ, பிடிக்கும்." வச்சேன். 20 நிமிஷம் ஊறினதும் பாய் திரும்ப அளந்தார்: 56. சாஸ் மேல்தோலை இளக்கும், அவ்ளோதான். நல்ல டயர்ல 10, 15 நிமிஷம் போட்டு, ஓட்டறதுக்கு முன்னாடி துடைச்சா போதும். சோல் ரப்பரை ராத்திரி முழுக்க ஊற வச்சாலும் டயர் ஆகாது.

ரெண்டாம் நாள்: "உங்க கார்பெட் தேய்ஞ்சிருக்கும்." அதே ஞாயிறு, அதே கார்பெட்ல என் பழைய 33 டயர் ஒழுங்கா ஓடுது. மூணு பேர் பார்த்தாங்க.

மூணாம் நாள்: "கூரியர்ல பார்சல் மாறியிருக்கும்." மேல என் பேரு, உள்ள உன் கையெழுத்துல 28-னு இருக்கு, எப்படி மாறும்?

அப்புறம்: "ஓனர் வெளியூர் போயிருக்கார்." அதுவரைக்கும் அவனே ஓனர்னு பேசிட்டிருந்தான்.

கடைசியா: "யூஸ் பண்ண டயர் ரிட்டர்ன் கிடையாது ப்ரோ, பாலிசி." சரி, பிரிக்காத ரெண்டு செட்டையாவது எடுத்துக்க, ₹5,700 கொடு, மீதி போகட்டும்னு இறங்கி வந்தேன். "கவர் பிரிச்ச மாதிரி தெரியுது"ன்னான், படத்தைப் பார்த்து! நீ அனுப்பினப்பவே அது சீல் வைக்காத கவர்டா. அதுக்கப்புறம் நீல டிக் மட்டும் வருது, பதில் இல்ல. ₹9,850 அங்கேயே நிக்குது.

கார்பெட் டயர் எப்படித் தேர்வு பண்றதுன்னு விளக்கமா எழுதறேன்னு குரூப்ல சொல்லியிருந்தேன். இன்னைக்கு அதுக்குப் பொறுமை இல்ல. அவசரத்துக்கு இதை மட்டும் பிடிச்சுக்கங்க.

டயரையே கட்டைவிரலால அமுக்கிக் காட்டற வீடியோ கேளுங்க, அட்டைப் படம் வேணாம். விட்டத்தை வெர்னியர் வச்சுக் காட்டச் சொல்லுங்க. ஒரு செட்டுக்குள்ள 0.3 மி.மீ.-க்கு மேல வித்தியாசம் வந்தா நான் வாங்க மாட்டேன். முதல்ல ஒரே ஒரு செட். நான் மூணு வாங்கினதுதான் முட்டாள்தனம். கூரியர் ₹200 மிச்சம் பிடிக்கப் போய் இந்தக் கதி. தனி ஆள் நம்பருக்குப் பணம் போடாதீங்க. பார்சல் பிரிக்கறதை வீடியோ எடுங்க.

ஃபோம் டயர் (ரப்பருக்குப் பதிலா ஸ்பாஞ்ச் மாதிரி டயர்) ஓட்டறவங்க இன்னும் கவனமா இருங்க. 1/12 கார்ல முன்னாடி கெட்டி, பின்னாடி மிருது. அதுல நிறம்தான் அடையாளம், சாயத்தை நம்பி வாங்கற நிலைமை. கடைசல்ல சீவி அளவு குறைச்சாத்தான் கார் உருளாம நிக்கும், ஓரத்துல சூப்பர் க்ளூ பூசலைன்னா பலகையில இடிச்சதும் பிய்யும். பக்கி (மேடு பள்ளத்துல ஓடற ஆர்சி கார்) ஓட்டறவங்களுக்கு கார்பெட்னா ஷூமாக்கர் கம்பெனியோட மினி பின்ங்கற குட்டி முள் டயர், மஞ்சள் காம்பவுண்டுதான் பலரும் போடறாங்க. 'அதே மாதிரி'ன்னு யாராவது வித்தா முள்ளைச் சாய்ச்சுப் பாருங்க. வளைஞ்சு உடனே நிமிரணும்.

புகார் விஷயம்: 1915-க்குக் கூப்பிட்டுப் பதிவு பண்ணிட்டேன், அது தேசிய நுகர்வோர் உதவி எண். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கினவர் குடியிருக்கிற ஊர்லயே வழக்கு போடலாம், கடை இருக்கற ஊருக்கு அலைய வேணாம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமும் இல்ல. வேலூர் மாவட்ட ஆணையத்துல கொடுக்கறதுக்குப் பேப்பர் சேர்த்துட்டு இருக்கேன். பில் இல்லாததுதான் இடிக்குது, பணம் போன ரசீதும் சாட்டும் மட்டும் கையில இருக்கு. இப்படி யாராவது பில் இல்லாம ஜெயிச்சிருந்தா எழுதுங்க.

இன்னைக்குக் காலையில அதே 28 அட்டைப் படத்தை இன்னொரு குரூப்ல போட்டிருக்கான், "லிமிடெட் ஸ்டாக்"னு. அதைப் பார்த்துட்டுத்தான் இதை எழுத உக்கார்ந்தேன். அறுத்த டயரும் அந்த ஸ்பாஞ்சும் ஷெட்டுல மேஜை மேலயே இருக்கு. ஞாயித்துக்கிழமை வர்றவங்க கையில எடுத்து அமுக்கிப் பாருங்க.