பாரிஸில் இறங்கி கிளெர்மோன் ஃபெரான் போய்ச் சேர: கையைக் கடிக்காத வழிகள்

கிளெர்மோன் ஃபெரானுக்கு டிஜிவி என்ற அதிவேக ரயில் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் எல்லோரும் "பாரிஸ் விமான நிலையத்துக்கு உள்ளேயே அதிவேக ரயில் வருகிறதாமே, அதில் ஏறி உட்கார்ந்தால் போதும்தானே?" என்றுதான் தொடங்குகிறார்கள். பாரிஸின் சார்ல் தெ கோல் விமான நிலையத்தில் இரண்டாம் முனையத்தின் அடியில் 1994 முதல் டிஜிவி நிலையம் இருப்பது உண்மை. அங்கிருந்து லீல், லியோன், ரென், போர்தோ என்று பல ஊர்களுக்கு நேரே போகலாம். பிரான்ஸின் நடுவில் எரிமலைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. பாரிஸின் தென்கிழக்கு மூலையிலுள்ள பெர்சி நிலையத்துக்குப் போய், அங்கே பழைய இன்டர்சிட்டி ரயிலைப் பிடிக்க வேண்டும். அதன் பிறகும் மூன்றரை மணி நேரப் பயணம்.

நம் ஆட்களுக்கு இந்த ஊரில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மிஷெலின் டயர் கம்பெனி 1889-இல் தொடங்கிய ஊர் இது. திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய்கண்டிகையில் அவர்களுக்கு ஆலை இருப்பதால், அந்தப் பக்கத்துப் பொறியாளர்கள் இங்கே வந்து போகிறார்கள். கம்பெனி அனுப்பினால் செலவு கம்பெனியுடையது. அப்பா அம்மாவைக் கோடையில் வரவழைக்கும்போதும், மனைவி பிள்ளைகளோடு விடுமுறை முடிந்து திரும்பும்போதும் பணம் நம் பையிலிருந்து போகிறது. விமான டிக்கெட்டில் ஆயிரம் ரூபாய் குறைக்க இரவெல்லாம் கண்விழித்துத் தேடுகிறவர்கள், பாரிஸில் இறங்கியதும் கணக்கே பார்க்காமல் ஆளுக்கு நூறு யூரோ கொடுத்துவிடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

பயணத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்திலிருந்து பெர்சி வரை ஒன்று, பெர்சியிலிருந்து ஊர் வரை மற்றொன்று. வீண் செலவு பெரும்பாலும் முதல் பாதியில்தான் நடக்கிறது.

தனியாளுக்கு நேர்வழி ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயில். 2025 ஜனவரியில் விமான நிலையத்துக்கென்று ஒரே கட்டணம் வைத்தார்கள்: 13 யூரோ. ஜனவரி தோறும் மாறக்கூடியது, வரும்முன் பார்த்துக்கொள்ளுங்கள். நான் கீழே சொல்லும் கணக்கெல்லாம் 2025 விலையில்தான். ஷாத்லே நிலையத்தில் இறங்கி 14-ஆம் எண் மெட்ரோவுக்கு மாறினால் இரண்டாவது நிறுத்தம் பெர்சி. அந்த மெட்ரோவுக்கும் அதே டிக்கெட் செல்லும். ஓட்டுநர் இல்லாமல் ஓடும் இந்த 14-ஆம் வழித்தடத்தில் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் உண்டு. பெரிய பெட்டியோடு வருபவர்கள் வேறு எந்தக் குறுக்கு வழியையும் யோசிக்காமல் இதையே பிடிக்கலாம். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். காலை எட்டு, ஒன்பது மணிக்கு மட்டும் ஷாத்லேயில் இரண்டு பெட்டியோடு மாட்டிக்கொள்ளாதீர்கள். அலுவலகம் போகும் பாரிஸ்காரர் வழிவிட மாட்டார். விடவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

நான்கு பெரியவர்களாக வந்தால் கணக்கு தலைகீழாகிறது. நான்கு பதின்மூன்று 52 யூரோ. விமான நிலையத்திலிருந்து பாரிஸில் செய்ன் நதியின் வலக்கரைக்கு டாக்ஸியின் நிர்ணயக் கட்டணம் 56 யூரோ. பெர்சி வலக்கரையில்தான் இருக்கிறது. பெட்டிக்குத் தனிக் காசு கிடையாது, நான்கு பேர் வரை அதே கட்டணம். நான்கு யூரோ கூடக் கொடுத்தால் நிலைய வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். அறுபதைத் தாண்டிய அப்பா அம்மாவைப் படிக்கட்டில் ஏற்றி இறக்கி இந்த நான்கு யூரோவை மிச்சம் பிடிக்கிறவர்களைச் சிக்கனக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். டாக்ஸியை வெளியே அதிகாரபூர்வ வரிசையில் நின்றுதான் எடுக்க வேண்டும். உள்ளே வந்து "டாக்ஸி, டாக்ஸி" என்று காதில் ஓதுகிறவர்களிடம் நிர்ணயக் கட்டணமெல்லாம் எடுபடாது.

கையில் நேரம் இருக்கிறவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. எனக்குப் பிடித்ததும் அதுதான். 351-ஆம் எண் நகரப் பேருந்து விமான நிலைய வளாகத்திலுள்ள ருவாசிபோலிலிருந்து பாரிஸின் நாசியோன் வரை போகிறது. சாதாரண பஸ் டிக்கெட், 2 யூரோ. நாசியோனில் 6-ஆம் எண் மெட்ரோ பிடித்தால் பெர்சி சில நிறுத்தங்கள்தான், அதற்கு 2.50 யூரோ. ஆக மொத்தம் நாலரை யூரோ. நவிகோ ஈசி அட்டையை 2 யூரோ கொடுத்து ஒருமுறை வாங்கி, டிக்கெட்டுகளை அதில் ஏற்றிக்கொள்ளலாம். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். எந்த முனையத்தில் இறங்கினாலும் ருவாசிபோலுக்கு இலவச உள் ரயில் இருக்கிறது.

பஸ் ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை இழுக்கும், புறநகரெல்லாம் சுற்றிக்கொண்டு போகும். அது வீண் நேரமா என்றால், இல்லை என்பேன். வளைகுடா வழியாக வரும் விமானம் தரையிறங்கி, பாஸ்போர்ட் வரிசையில் நின்று, பெட்டி வந்து வெளியேற எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2025 அக்டோபரிலிருந்து குறுகியகால விசாக்காரர்களின் கைரேகையையும் படத்தையும் எல்லையில் பதிவு செய்யும் புதிய முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். அப்பா அம்மா வந்தால் அவர்களுக்கும் அது உண்டு. அதனால் விமானம் இறங்கும் நேரத்துக்கும் ரயில் நேரத்துக்கும் இடையே நான்கு மணி நேரமாவது விட்டுத்தான் நான் ரயில் டிக்கெட் எடுப்பேன். எல்லாம் விரைவாக முடிந்துவிட்டால் பெர்சியில் போய் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். அந்த நேரத்தை 351-இல் உட்கார்ந்து கழித்தால் எட்டரை யூரோ மிச்சம். வெளியே வரவே தாமதமாகிவிட்டால் 13 யூரோ கொடுத்து ஆர்.இ.ஆர். ஏறிவிடுவேன். எதில் போவது என்பதைப் பெட்டி கைக்கு வந்த பிறகு முடிவு செய்தால் போதும். மாலை நேரத்திலும் இரண்டு பெரிய பெட்டிகளோடும் 351 வேண்டாம். அது நகரப் பேருந்து, பெட்டி வைக்கத் தனி இடம் இல்லை.

இனி ரயில். நாளுக்கு ஏழெட்டு ஓடுகின்றன. இருக்கை முன்பதிவு கட்டாயம். முன்கூட்டியே எடுத்தால் இருபது, முப்பது யூரோவுக்குள் கிடைத்திருக்கிறது. அன்றைக்கே எடுத்தால் அறுபதைத் தாண்டும். 49 யூரோ கொடுத்து ஓராண்டு சலுகை அட்டை வாங்கினால் முப்பது சதவீதம் குறையும். இங்கேயே இருக்கிறவர்கள் வாங்கிக்கொள்ளலாம், ஒரு தடவை வந்து போகும் பெற்றோருக்குத் தேவையில்லை. பெட்டிகளில் பெயர்ச்சீட்டு கட்டாயம் ஒட்டியிருக்க வேண்டும். அது இங்கே விதி.

ரயில் பழசு. இருக்கை அகலம், ஜன்னல் பெரிது, ஆனால் வாசற்படி செங்குத்தாக இருப்பதால் 23 கிலோப் பெட்டியைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். இந்தத் தடத்தின் பெயர் நாடு முழுக்கக் கெட்டுப்போனது 2024 ஜனவரியில். மாலை பாரிஸை விட்ட ரயிலின் எஞ்சின் பழுதாகி, சுமார் 700 பயணிகள் வெப்பமூட்டி இல்லாமல் கடுங்குளிரில் இரவைக் கழித்து மறுநாள் காலையில் வந்து சேர்ந்தார்கள். இன்றைக்கும் ஊரில் ரயில் பேச்சு எடுத்தால் அந்தக் கதையில்தான் வந்து நிற்கிறார்கள். இந்தத் தடத்துக்கென்று ஸ்பெயினின் காஃப் கம்பெனியிடம் ஆக்சிஜென் என்ற புதிய ரயில்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். அவையும் சொன்ன காலத்தில் வரவில்லை. குளிர்காலத்தில் போர்வை ஒன்றும் சாப்பாடும் கைப்பையில் இருக்கட்டும். என் அம்மா புளியோதரை இல்லாமல் ரயில் ஏற மாட்டார். இந்தத் தடத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வதுதான் சரி.

தாமதமானால் பணம் திரும்பக் கேட்கலாம் என்பது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலே டிக்கெட் விலையில் கால் பங்கு, இரண்டு மணி நேரம் தாண்டினால் பாதி, மூன்று மணி நேரத்துக்கு மேல் முக்கால் பங்கு. இணையத்தில் விண்ணப்பித்தால் போதும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

போகும் திசைக்கு வலப்பக்க ஜன்னல் இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள். நெவேர், முலான் எல்லாம் கடந்து விஷி தாண்டி ரியோம் நெருங்கும்போது அந்தப் பக்கத்தில் எரிமலைத் தொடர் தெரியத் தொடங்கும். நடுவில் உயர்ந்து நிற்பது புய் தெ தோம், 1,465 மீட்டர். எல்லாம் உறங்கும் எரிமலைகள். 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

மாலையில் வந்து இறங்கி, கடைசி ரயிலும் எட்டாது என்றால் தொலைதூர பஸ்தான் வழி. பிரான்ஸில் நகரங்களுக்கிடையே தனியார் பஸ்கள் தாராளமாக ஓடத் தொடங்கியது 2015-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு. ஃபிளிக்ஸ்பஸ்ஸும் பிளாபிளாகார் பஸ்ஸும் பெர்சி பூங்காவின் அடியிலுள்ள பஸ் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. ஆறு மணி நேரம் ஆகும். பதினைந்து, இருபது யூரோவுக்குப் போயிருக்கிறேன். ஏறும் முன் சாமான் விதியைப் படித்துவிடுங்கள். ஃபிளிக்ஸ்பஸ்ஸில் அடியில் வைக்க ஒரு பெட்டி மட்டுமே கட்டணத்தில் சேரும், அதுவும் 20 கிலோவுக்குள். விமானத்தில் இரண்டு 23 கிலோ கொண்டுவந்தவர் இரண்டாவது பெட்டிக்கு முன்கூட்டியே பணம் கட்டிவிடுவது நல்லது. ஒரு பஸ் கம்பெனியின் ஓட்டுநர், பெயர் வேண்டாம், என் நண்பரின் இரண்டாவது பெட்டியை ஏற்றவே மறுத்து, நள்ளிரவில் அங்கேயே நின்று போனில் பணம் கட்டவைத்தார். அந்த நேரத்தில் கட்டியதைவிட முன்பதிவில் கட்டும் தொகை கொஞ்சம் அல்ல, நிறையவே குறைவு. பஸ் நிலையத்தில் சொகுசு எதையும் எதிர்பார்க்காதீர்கள். தனியாக வரும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இரவு பஸ்ஸை நான் பரிந்துரைப்பதில்லை. விடியுமுன் கிளெர்மோனில் இறக்கிவிட்டால் கூட்டிப்போக ஆள் வர வேண்டும்.

கார்ப் பகிர்வும் உண்டு. பிளாபிளாகாரில் பாரிஸிலிருந்து வருகிறவர்கள் தெற்கு வாசலான போர்த் தோர்லேயானில் ஏற்றிக்கொள்வது வழக்கம். விமான நிலையத்துக்கே வருகிறவர் அபூர்வம். கைப்பை மட்டும் உள்ள இளைஞர்களுக்கு அருமையான வழி, பிரெஞ்சுப் பேசிப் பழகவும் உதவும். பெரிய பெட்டி இருந்தால் முன்பே செய்தி அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

பெற்றோர் வருவதாக இருந்தால் விமான டிக்கெட் எடுக்கும்போதே பாரிஸைத் தவிர்க்கப் பாருங்கள். துபாயிலிருந்து லியோனுக்கு எமிரேட்ஸ் பறக்கிறது. சென்னையிலிருந்து துபாய் மாறி அதில் வந்தால் சிறிய விமான நிலையம், அரை மணியில் லியோன் பார் தியூ ரயில் நிலையத்துக்குக் கொண்டுவிடும் ரோன்எக்ஸ்பிரஸ் டிராம். அது பாரிஸின் 13 யூரோவைவிடவும் விலை கூடியது. அந்தத் தூரத்துக்கு அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் அங்கிருந்து கிளெர்மோனுக்கு வட்டார ரயில் இரண்டரை மணி நேரம்தான். வட்டார ரயிலுக்கு அன்றைக்கு எடுத்தாலும் விலை ஏறாது, ஒன்று போனால் அடுத்ததில் ஏறலாம். விமானம் தாமதமாகுமோ என்று வானத்தில் இருக்கும்போதே வயிறு கலங்க வேண்டியதில்லை. விமான டிக்கெட்டில் ஆளுக்கு மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் கூடினாலும் நான் லியோனையே எடுப்பேன். அதற்கு மேல் போனால் பாரிஸ்.

கிளெர்மோனில் இறங்கியதும் டிராமைத் தேடாதீர்கள், அது ரயில் நிலையத்துக்கு வருவதில்லை. 2006-இல் தொடங்கிய அந்த டிராம் ரப்பர் டயரில் ஓடுகிறது. டயர் ஊரில் வேறெப்படி ஓடும்! நிலைய வாசலில் நகரப் பேருந்து பிடித்து ழோத் சதுக்கத்துக்குப் போனால் அங்கே டிராம் கிடைக்கும். 2021 டிசம்பர் முதல் சனி, ஞாயிறுகளில் பஸ், டிராம் எல்லாமே இலவசம். விமானத் தேதியைத் தேர்ந்தெடுக்க முடிகிறவர்கள் சனிக்கிழமை காலையில் பாரிஸில் இறங்கும்படி எடுங்கள். ஷாத்லேயில் அலுவலகக் கூட்டமும் இருக்காது.