கட்டில்தான் என் மேடை: நேரலையில் கதை சொல்லும் படுக்கையறை அனுபவம்

கட்டிலில் உட்கார்ந்து குழந்தைகளுக்குக் கதை சொல்வது என் தொழில். கொரோனா அடைப்பின்போது அக்கா பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. அப்புறம் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கட்டணம் கட்டிச் சேர்ந்ததில் முழுநேர வேலையாகிவிட்டது. கோவையில் வாடகை வீடு. கூடத்தில் அத்தையின் சீரியல் ஓடும், அதனால் படுக்கையறைதான் ஸ்டூடியோ. தூங்கப் போகும் நேரத்துக் கதை என்பதால் பின்னணியில் கட்டில் தெரிவது பொருத்தமாகவும் இருக்கிறது.

பின்னணியை மென்பொருளாலேயே மாற்றிவிடலாமே என்று கேட்பார்கள். நான் விரல் பொம்மையும் படப்புத்தகமும் காட்டுகிறவள். செயற்கைப் பின்னணி போட்டால் யானையின் தும்பிக்கை பாதியில் காணாமல் போகும், புத்தகத்தின் ஓரம் கரையும். குழந்தைகள் கதையை விட்டுவிட்டு அதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே நிஜ அறை, நிஜ கட்டில்.

இதே வேலையில் இறங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "என்ன பெட்ஷீட் அக்கா, குஷன் எங்கே வாங்கினீங்க?" என்பதுதான். இத்தனை நாள் புழங்கியதில் நான் சொல்வேன், துணிமணி எல்லாம் கடைசி. கட்டிலின் தலைமாடு எந்தச் சுவரில், கேமரா எவ்வளவு தள்ளி, எவ்வளவு உயரத்தில் என்ற மூன்றையும் சரி செய்துவிட்டால் சாதாரண விரிப்பே போதும். அவை சரியில்லை என்றால் பட்டு விரித்தாலும் யாரோ வீட்டுப் படுக்கையறைக்குள் எட்டிப்பார்த்த மாதிரிதான் இருக்கும்.

எங்கள் அறை 10க்கு 12 அடி. மேற்கே ஜன்னல், வடகிழக்கு மூலையில் கதவு, கிழக்குச் சுவரை ஒட்டி பீரோ. கட்டில் 5 அடி அகலம், ஆறரை அடி நீளம். வடக்கே தலை வைக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். மேற்கே வைத்தால் ஜன்னல் எனக்கு நேர் பின்னால் வரும், முகம் கறுத்துத் தலையைச் சுற்றி ஒளிவட்டம் மட்டும் தெரியும். கிழக்கே பீரோ. மிச்சம் இருந்தது தெற்கு. நான் வடக்கு பார்த்து உட்கார்ந்தால் ஜன்னல் என் இடது கைப்பக்கம் வருகிறது. பக்கவாட்டு வெளிச்சம் முகத்துக்கு நல்லது. சாஸ்திரமும் கேமராவும் ஒத்துப்போன இடம் அந்த அறையில் அது ஒன்றுதான்.

அடுத்தது தூரம். என்னிடம் இருப்பது லாஜிடெக் சி920 வெப் கேமரா, பழைய மாடல்தான். அதன் பார்வைக் கோணம் மூலைவிட்டமாக 78 டிகிரி. நடைமுறையில், கேமராவிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறதோ அதைப்போல ஏறக்குறைய 1.4 மடங்கு அகலம் படத்துக்குள் வரும். நான் தலைமாட்டில் சாய்ந்து உட்கார்ந்து, கேமராவைக் கால்மாட்டுக்கு அப்பால் வைத்தால் 9 அடி தூரம் என்று வையுங்கள். அங்கே பன்னிரண்டு அடிக்கு மேல் அகலம் படத்துக்குள் வரும், எங்கள் சுவரோ 10 அடி. பீரோ, ஸ்விட்ச் போர்டு, கொடியில் தொங்கும் துண்டு எல்லாம் உள்ளே வந்துவிடும், நடுவில் நான் ஒரு பொட்டு மாதிரி இருப்பேன்.

அதனால் தலைமாட்டில் சாய்வதே இல்லை. கட்டிலின் கால்மாட்டுப் பக்கம், விளிம்பிலிருந்து ஒன்றரை அடி உள்ளே சம்மணம் போட்டு உட்காருகிறேன். கேமரா என்னிடமிருந்து 5 அடி. தலைமாட்டுப் பலகை எனக்குப் பின்னால் இன்னொரு 5 அடி தள்ளி நிற்கிறது. இந்த இடைவெளிதான் காட்சிக்கு ஆழத்தைத் தருகிறது. சுவரில் ஒட்டிக்கொண்டு உட்காருகிறவர்கள் எவ்வளவு விளக்கு போட்டாலும் நிழல் பின்னால் விழுந்துகொண்டே இருக்கும்.

இதில் ஒரு சின்ன உபாயம். நேரலைப் படத்தைத் தொகுத்து அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளில் கேமராவின் படத்தை 1080 அளவில் (உயரவாக்கில் அத்தனை புள்ளிகள்) எடுத்து, வெளியீட்டை 720 என்று வைத்துக்கொண்டால், படத்தின் நடுப்பகுதியை ஒன்றரை மடங்கு வெட்டி எடுத்தாலும் தெளிவு குறையாது. தலைமாட்டுப் பலகை நிற்கும் 10 அடி தூரத்தில் 14 அடி அகலம் தெரிய வேண்டியது 9 அடி சொச்சமாகச் சுருங்கிவிடும். பீரோ வெளியே போய்விட்டது, கட்டில் நடுவில் நின்றது. கதை சொல்ல 720 தாராளம். பாதிப் பிள்ளைகள் அப்பாவின் போனில்தான் பார்க்கிறார்கள்.

உயரம்தான் பலர் கவனிக்காதது. ஸ்டாண்டை உயர்த்தி மேலிருந்து கீழே பார்க்கும்படி வைத்தால் முகம் ஒடுங்கி அழகாகத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கட்டிலில் உட்காருகிறவர்களுக்கு அது ஆகாது. மேலிருந்து பார்த்தால் மெத்தை முழுக்க விரிந்து தெரியும். ஒவ்வொரு சுருக்கமும், நான் அசைந்த ஒவ்வொரு பள்ளமும் தெரியும். நான் லென்ஸை என் நெஞ்சு உயரத்துக்கு இறக்கி, தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை அடியில், சாய்க்காமல் நேராக வைத்திருக்கிறேன். அப்போது மெத்தை எனக்குப் பின்னால் ஒரு மெல்லிய பட்டையாகத்தான் தெரிகிறது. அதற்குமேல் தலைமாட்டுப் பலகை, அதற்குமேல் வெறும் சுவர். படுக்கை இருக்கிறது என்பது தெரியும், ஆனால் படுக்கையைக் காட்டவில்லை. பிள்ளைகளோடு பெற்றோரும் உட்கார்ந்து பார்க்கிற வேலையில் இந்த வித்தியாசம் முக்கியம்.

மெத்தையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஸ்பிரிங் மெத்தையில் உட்கார்ந்து சிங்கம் மாதிரி கர்ஜித்தால் நானும் சேர்ந்து குதிக்கிறேன். மிருதுவான ஃபோம் மெத்தையில் அரை மணியில் இடுப்பு புதைந்து கூன் விழுந்துவிடும், குரலும் அடைக்கும். தேங்காய் நார் மெத்தை கெட்டியாக இருப்பதால் எனக்கு ஒத்துப்போகிறது. அதன்மேல் வீட்டில் சும்மா கிடந்த மணைப்பலகையைப் போட்டு, மேலே தட்டையான ஒரு திண்டு. இடுப்பு முட்டியைவிடச் சற்று உயர்ந்தால் முதுகு தானாக நிமிரும். இரண்டு நேரலை முடிந்தும் முதுகு வலிக்காமல் இருப்பதற்கு முழுக்காரணம் இந்த மணைதான். கேமரா ஸ்டாண்டு கட்டிலைத் தொடக்கூடாது, தரையில் தனியாக நிற்க வேண்டும். மடிக்கணினியை மெத்தைமேல் வைத்தால் காற்றுத் துவாரம் அடைத்துச் சூடேறி, விசிறி இரைச்சல் மைக்கில் ஏறும், அதற்கும் ஒரு பலகை வேண்டும்.

சரி, இப்போது விரிப்பு. நெருக்கமான கோடு, பொடிக் கட்டம் போட்ட துணிகள் கேமராவில் அலை அலையாக நெளியும். கேமராவின் புள்ளிகளும் துணியின் கோடுகளும் ஒன்றோடொன்று மோதுவதால் வரும் தொல்லை அது. சென்னிமலைப் போர்வைகள் எனக்கு உயிர், ஆனால் என்னிடம் இருக்கும் பொடிக்கட்டப் போர்வை நேரலைக்கு உதவவில்லை. வெள்ளை விரிப்பு வேறு மாதிரிச் சிக்கல். படத்தில் வெள்ளை நிறைய வந்தால் கேமரா வெளிச்சம் அதிகம் என்று எண்ணி மொத்தத்தையும் குறைக்கும், நம் மாநிற முகம் இன்னும் இருண்டுவிடும். சாட்டின் பளபளக்கும். சின்னச் சின்னப் பூ வேலைப்பாடு, இணையம் மந்தமான நேரத்தில் கட்டம் கட்டமாக உடையும், ஏனென்றால் விவரம் கூடக்கூடப் படத்தைச் சுருக்கி அனுப்புவது கடினமாகும்.

நான் கடைசியில் நிலைத்தது பவானி ஜமக்காளத்தில். கல்யாண வீட்டில் விரிப்பதைக் கட்டிலில் போடுகிறாயா என்று அம்மா கேட்டார். ஆனால் பாருங்கள், அகலமான பட்டைகள், அதனால் நெளிவு கிடையாது. கனமான நெசவு, அதனால் சுருக்கம் விழாது. நான் புரண்டு எழுந்தாலும் கையால் ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி நேராகிவிடும். பளபளப்பும் இல்லை. நிறம் மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். அடர் சிவப்பு பட்டைகளின் ஓரம் இணையக் காட்சியில் கலங்கிக் கசிந்த மாதிரி தெரியும். நீலமும் பச்சையும் கலந்ததுதான் என்னுடையது. நேரலை முடிந்ததும் சுருட்டி ஓரமாக நிறுத்திவிட்டால் கட்டில் திரும்ப வீட்டுக் கட்டில். இத்தனை காலம் வெயிலில் உலர்த்தியும் சாயம் பெரிதாக வெளுக்கவில்லை. துவைப்பதுதான் பாடு, ஈரத்தில் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

தலையணை இரண்டு போதும். தலைமாட்டுப் பலகையோடு சேர்த்துச் சற்று தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். தோளுக்கு நேர் பின்னால் நிறுத்தினால் காது முளைத்தது போல இருக்கும். ஒரு சிங்கப்பூர்ப் பையன் அதைச் சொல்லியே கதையைக் கால் மணி நேரம் நிறுத்திவிட்டான். வெல்வெட் உறை வாங்காதீர்கள், முடியும் தூசியும் ஒட்டிக்கொள்ளும். சந்தன நிற உறையும் வேண்டாம், தோல் நிறத்தோடு கலந்துவிடும்.

விளக்கு விஷயத்தில் நம் ஊருக்கே உரிய வில்லன் மின்விசிறி. கூரையில் விளக்கு இருந்து, அதற்குக் கீழே இறக்கை சுற்றினால், விரிப்பிலும் முகத்திலும் நிழல் படபடவென்று வெட்டிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குப் பழகிப்போனது கேமராவில் தலைவலியாகத் தெரியும். நேரலையின்போது கூரை விளக்கை அணைத்துவிட்டு, இறக்கை மட்டத்துக்குக் கீழே ஸ்டாண்டில் வைத்த எல்இடி விளக்குகளை மட்டும் போடுகிறேன். ஒன்று முகத்துக்கு, 45 டிகிரி பக்கவாட்டில், கண்ணைவிட உயரத்தில். இன்னொன்று சின்னது, தலைமாட்டுப் பக்கம் கட்டிலுக்கு அருகில், 3000 கெல்வின் மஞ்சள் ஒளி (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண், கூடக்கூட நீலம் ஏறும்). முகத்துக்கு 4000 கெல்வின். கடையில் 'கூல் டே லைட்' என்று கொடுக்கும் 6500 கெல்வின் பல்பு தூக்கக் கதைக்கு ஆஸ்பத்திரி வார்டு களையைக் கொடுக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கேமரா அமைப்பில் 60 என்று இருந்தால் படத்தில் இருட்டுப் பட்டைகள் உருளும். அதை மாற்ற ஒரு நிமிடம்தான் ஆகும். சீரியல் பல்புத் தோரணம் கொஞ்ச நாள் கட்டியிருந்தேன், மலிவானது, கேமராவில் துடித்துக்கொண்டே இருந்தது. பிள்ளையார் சதுர்த்திக்கு அண்டை வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

சிங்கப்பூர்க் குழந்தைகளின் இரவு 8 மணி நமக்கு மாலை ஐந்தரை. தொடங்கும்போது வெயில், முடிக்கும்போது அந்தி. கேமரா தானியங்கியில் இருந்தால் அந்த ஒரு மணி நேரத்தில் என் முகம் மஞ்சளாகி, நீலமாகி, மறுபடி மஞ்சளாகும். ஆகவே கெட்டித் திரைச்சீலையை இழுத்துவிட்டு, வெள்ளைச் சமநிலையையும் (படத்தின் நிறத்தைச் சரிப்படுத்தும் அமைப்பு) ஒளி அளவையும் ஓபிஎஸ்ஸில் கையால் பூட்டிவிடுகிறேன். ஓரத்தில் கசியும் கொஞ்சம் வெளிச்சம் பக்கவாட்டில் வருவதால் தொந்தரவில்லை. துபாய்க்காரர்களுக்கான நேரலை நம் நேரம் இரவு ஒன்பதரை மணி, அதே அமைப்பு அப்படியே ஓடுகிறது.

கட்டில் எனக்குச் செய்த பெரிய உபகாரம் ஒலியில். கூடத்தில் பேசினால் டைல்ஸ் தரையில் குரல் பட்டு எதிரொலிக்கும். படுக்கையறையில் மெத்தையும் தலையணையும் ஜமக்காளமும் சேர்ந்து எதிரொலியை விழுங்கிவிடுகின்றன. சுவரில் ஒட்டும் ஃபோம் பட்டைகள் வாங்கச் சொல்லி விளம்பரங்கள் துரத்துகின்றன, நான் வாங்கவே இல்லை. வீட்டு உரிமையாளர் ஆணியே அடிக்க விடமாட்டார், பசைக்கு எங்கே சம்மதிப்பார்? மின்விசிறியின் இரைச்சலை மட்டும் மெத்தை ஒன்றும் செய்யாது. அதற்கு மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவர வேண்டும், விசிறியைக் குறைந்த வேகத்தில் வைக்க வேண்டும். மே மாதத்தில் வியர்வையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைகளுக்கானது என்று குறித்த யூடியூப் நேரலையில் அரட்டை வசதி இருக்காது, பிள்ளைகளோடு பேசாமல் கதை ஓடாது. அதனால் கட்டண நேரம் முழுக்க ஜூமில்தான், ஓபிஎஸ் தயாரிக்கும் படத்தை ஒரு கேமரா போல ஜூமுக்குக் கொடுக்கும் மெய்நிகர் கேமரா வழியாக. ஜூமில் பலர் சேர்ந்தால் என் படச்சட்டம் ஒரு தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கும். அந்த அளவில் சுவரில் மாட்டிய படமோ செடியோ வெறும் கறை. தெரிவது என் முகம், பொம்மை, பட்டைபோட்ட ஜமக்காளம், அவ்வளவுதான்.

வீட்டு ஆட்கள் புழங்கும் கட்டில் என்பதால் ஒரு கடைசி ஏற்பாடு. பெருக்கும்போது கட்டில் இரண்டு விரற்கடை நகர்ந்தாலும் தலைமாட்டுப் பலகை படத்தில் கோணலாகிவிடும். நான்கு கால்களுக்கும் ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கும் தரையில் வண்ண டேப் ஒட்டிவைத்திருக்கிறேன். அத்தையே இப்போது பெருக்கி முடித்ததும் கோட்டுக்குக் கோடு கட்டிலைத் தள்ளி வைத்துவிட்டு, "கேமரால நேரா இருக்கான்னு பாரும்மா" என்கிறார். டேப் ஈரத்துணியில் மாதம் ஒருமுறை உரியும், மறுபடி ஒட்ட வேண்டியதுதான்.