ஆசிரியர் பரிந்துரையா, எல்லோருக்கும் தேர்வா?

அமெரிக்கப் பள்ளிகளில் மீத்திறன் மாணவர்களை, அதாவது வயதை மிஞ்சிய அறிவுத்திறன் உள்ளவர்களை, கண்டறியப் பழைய வழி, ஆசிரியரோ பெற்றோரோ பெயர் சொல்வது. பெயர் சொன்னால்தான் உளவியலாளரிடம் ஐக்யூ சோதனைக்கு அனுப்புவார்கள். செலவும் குறைவு, குழந்தையைத் தினமும் பார்ப்பவர் ஆசிரியர்தானே என்ற வாதமும் உண்டு. ஆனால் அந்தப் பார்வைக்குள்தான் சிக்கல். ஜேசன் கிரிசம், கிறிஸ்டோபர் ரெடிங் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மதிப்பெண் வாங்கினாலும் கறுப்பினக் குழந்தைகள் வெள்ளையினக் குழந்தைகளைவிடக் குறைவாகவே தேர்வாகியிருந்தார்கள். கறுப்பின ஆசிரியரிடம் படித்தவர்களுக்கு இந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கியது.

இன்னொரு வழி, யாரையும் கேட்காமல் வகுப்பு முழுவதற்கும் தேர்வு வைப்பது. புளோரிடாவின் பிரோவர்ட் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) 2005இல் இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் எல்லோருக்கும் சொற்கள் இல்லாத, வடிவங்களை வைத்துக் கேட்கும் சோதனையை நடத்தியது. நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் ஐக்யூ சோதனைக்குப் போனார்கள். தகுதிக்கோடு 130, ஏழைக் குழந்தைகளுக்கும் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருந்தவர்களுக்கும் 116. இந்தச் சலுகைக்கோடு முன்பே இருந்ததுதான், ஆனால் பெயர் சொல்ல ஆளில்லாதபோது அதனால் என்ன பயன்? பொருளாதார ஆய்வாளர்கள் டேவிட் கார்ட், லாரா ஜூலியானோ கணக்கிட்டபடி, மீத்திறன் பட்டியலில் கறுப்பினக் குழந்தைகள் சுமார் 80 சதவீதமும் ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளி) குழந்தைகள் சுமார் 130 சதவீதமும் கூடினார்கள்.

எல்லோருக்கும் தேர்வு வைப்பதில் பணம்தான் இடிக்கிறது. பொருளாதார மந்தநிலையில் நிதி வெட்டு வந்து பிரோவர்ட் அதைக் கைவிட்டதும் பழைய ஏற்றத்தாழ்வு அப்படியே திரும்பியது. எனக்கு எல்லோருக்கும் தேர்வு வைப்பதே சரி. ஆசிரியர் பரிந்துரை அதில் தவறிய பிள்ளையைக் கூடுதலாகச் சேர்க்க மட்டும் இருக்கட்டும்.