டெவலப்பரா, சிஸ்டம்ஸா? தானாகப் படித்தவனுக்கு எந்தக் கதவு முதலில் திறக்கும்

போன வாரம் அக்கா மகன் போன் பண்ணினான். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறவன். எட்டு மாதமாக ராத்திரி ரூமில் உட்கார்ந்து பைத்தானும் லினக்ஸும் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருக்கிறான்.

"மாமா, டெவலப்பரா போகவா, இல்ல சிஸ்டம்ஸ், டெவ்ஆப்ஸ் பக்கம் போகவா? ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரியுது. எதுல சீக்கிரம் வேலை கிடைக்கும்?"

"போன்ல சொல்ற விஷயம் இல்ல மாப்ள. எழுதி அனுப்புறேன்" என்று வைத்துவிட்டேன். எழுதப்போனால் நீண்டுவிட்டது. இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் பொதுவிலேயே போடுகிறேன். டெவலப்பர் என்றால் மென்பொருள் எழுதுகிறவர்; சிஸ்டம்ஸ், டெவ்ஆப்ஸ் என்றால் அது ஓடும் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

என் பூர்வீகம் இது: பி.எஸ்சி. இயற்பியல், அதிலும் இரண்டு அரியர். மதுரையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் விண்டோஸ் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 2009-ல் சென்னையில் ஒரு வெப் ஹோஸ்டிங் கம்பெனியில் நைட் ஷிப்ட் சப்போர்ட், சம்பளம் எட்டாயிரம் ரூபாய். அங்கிருந்து லினக்ஸ் அட்மின். ஆறு வருடம் கழித்துத்தான் முழுநேரமாகக் கோடு எழுதும் வேலைக்கு வந்தேன். இரண்டு வீட்டுச் சாப்பாடும் சாப்பிட்டவன் என்ற தகுதியில்தான் பேசுகிறேன்.

கற்றுக்கொள்வதில் இந்த இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டுக்கும் பாடம் இலவசமாகக் கிடைக்கிறது, இரண்டுக்கும் பழைய லேப்டாப் ஒன்று போதும். "எனக்கு இது தெரியும்" என்பதை அடுத்தவனுக்குக் காட்டுவதில்தான் இரண்டும் பிரிகின்றன. டிகிரிக்காரனுக்கு அந்த வேலையைக் கல்லூரிச் சான்றிதழ் செய்துவிடுகிறது. நமக்கு வேறு ஏதாவது வேண்டும்.

டெவலப்பர்: கையில் காட்ட ஒரு பொருள் இருக்கும்

எழுதியதைக் கோடு சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்டால் யாரும் திறந்து பார்க்கலாம், ஓட்டிப் பார்க்கலாம். எந்தத் தேதியில் எந்த வரியை மாற்றினாய் என்பது வரை வரலாறு அதிலேயே இருக்கும். இது சாதாரண வசதி இல்லை. ஆனால் எல்லோரும் காட்டுவது ஒரே பொருளாக இருக்கிறது. டு-டூ லிஸ்ட், வானிலை ஆப், ஏதோ ஒரு ஷாப்பிங் தளத்தின் நகல். ஆள் எடுக்கிற இடத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாவது டு-டூ லிஸ்டுக்குமேல் கண் போகாது.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் பி.காம். அவருடைய அத்தை தெருவில் ஏலச்சீட்டு நடத்துகிறவர். நோட்டில் இருந்த கணக்கை இவர் ஒரு சின்ன ஆப்பாக எழுதிக் கொடுத்தார். இருபது பேர், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, மாதம் ஆளுக்கு ஐயாயிரம். ஒரு மாதம் ஒருவர் ஏலத்தில் 17,350 ரூபாயை விட்டுக்கொடுத்துச் சீட்டை எடுத்தார். அதில் அத்தையின் கமிஷன் 5,000 போக மிச்சம் 12,350. அதை இருபதால் வகுத்தால் ஆளுக்குக் கசர், அதாவது தள்ளுபடிப் பங்கு, 617 ரூபாய் 50 காசு. ஆப் கணக்காக 4,382.50 கட்டச் சொன்னது. அத்தை கேட்டாராம்: "அம்பது காசை எந்த ஊர்லடா வாங்குறது?" அத்தை காலம் காலமாக கசரை ஐந்தின் மடங்குக்கு இறக்கி, மீந்ததை அடுத்த மாதத்துக் கசரில் சேர்த்துவிடுகிறவர். நோட்டில் எங்கும் எழுதாத விதி அது. ஆப்பை மாற்றி எழுத வேண்டியதாயிற்று. இன்டர்வியூவில் அவர் இருபது நிமிடம் பேசியது இந்த ஐம்பது காசைப் பற்றித்தான். வேலை கிடைத்தது.

கைக்கு வந்த பொருள் இருந்தாலும் வாசலில் காவல்காரன் ஒருவன் உண்டு: டேட்டாவை அடுக்கும் விதம் (டேட்டா ஸ்ட்ரக்சர்), கணக்கைத் தீர்க்கும் வழிமுறை (அல்காரிதம்) பற்றிய கேள்விகள். மேக் கணினிக்காரர்கள் பலரும் பயன்படுத்தும் ஹோம்ப்ரூ மென்பொருளை எழுதிய மாக்ஸ் ஹவல் கூகுள் இன்டர்வியூவுக்குப் போனார். பைனரி ட்ரீ என்ற கிளை வடிவ டேட்டா அமைப்பை வெள்ளைப் பலகையில் திருப்பிப் போடத் தெரியவில்லை என்று தன்னை நிராகரித்துவிட்டார்கள் என 2015-ல் ட்விட்டரில் எழுதினார். அவருக்கே அந்தக் கதி. கல்லூரியில் நான்கு வருடம் அதைத் தட்டிக்கொண்டே வந்தவனோடு நாம் போட்டி போட வேண்டும். ஆறு மாதம் தனியாக ஒதுக்க வேண்டும், வேறு வழி இல்லை.

ஓப்பன் சோர்ஸில், அதாவது கோடு எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருளில், கை வைப்பது இன்னொரு வழி. அதற்கு வழிகாட்டும் கூகுள் சம்மர் ஆஃப் கோடு திட்டம் 2005 முதல் நடக்கிறது. 2022-லிருந்து மாணவராக இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை போய்விட்டது. பதினெட்டு வயதாகியிருந்து ஓப்பன் சோர்ஸுக்குப் புதியவராக இருந்தால் விண்ணப்பிக்கலாம். உதவித்தொகையும் உண்டு.

சிஸ்டம்ஸ்: நன்றாகச் செய்த வேலை கண்ணுக்கே தெரியாது

சர்வர் ஒழுங்காக ஓடினால் யாரும் பேச மாட்டார்கள். படுத்துவிட்டால்தான் நம் பெயரே வெளியே வரும். இந்தத் தொழிலில் சாட்சி காட்டுவது அதனால்தான் கஷ்டம். "நான் மூன்று வருடம் எதையும் கெடவிடவில்லை" என்று ரெஸ்யூமில் எழுதி என்ன ஆகப்போகிறது?

ஆகவே இங்கே சான்றிதழ்களுக்குக் கொஞ்சம் மதிப்பு இருக்கிறது. எல்லாச் சான்றிதழுக்கும் இல்லை; நான்கில் ஒன்றை டிக் அடிக்கும் தேர்வுகளை நான் மதிப்பதில்லை. லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட்டின் லினக்ஸ் அட்மின் தேர்வான ஆர்.ஹெச்.சி.எஸ்.ஏ.வில் டிக் அடிக்கும் கேள்வியே கிடையாது. உயிருள்ள மெஷினைக் கொடுத்து "இதைச் செய்" என்பார்கள். 300-க்கு 210 எடுக்க வேண்டும், மூன்று வருடம் செல்லும். அதில் ஒரு கண்ணி உண்டு. நீ செய்த மாற்றம் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும். டிஸ்கை மவுண்ட் செய்யும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு எழுத்துப் பிழை விட்டால் மெஷின் எழுந்திருக்காது. அதுவரை சரியாகச் செய்த மற்றதெல்லாம் அதோடு போச்சு. பல சர்வர்களில் ஆப்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸுக்கான சி.கே.ஏ. தேர்வும் இதே ஜாதி: இரண்டு மணி நேரம், எல்லாம் கட்டளை வரியில், 66 சதவீதம் எடுத்தால் பாஸ். முன்பு மூன்று வருடம் செல்லுபடியானது, 2024 ஏப்ரலிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டார்கள்.

இன்டர்வியூவும் வேறு மாதிரி. பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டி என்டர் அடித்தால் என்னென்ன நடக்கும் என்பது சாகாவரம் பெற்ற கேள்வி. டி.என்.எஸ். (தளத்தின் பெயரை எண் முகவரியாக்குவது), டி.சி.பி. கைகுலுக்கல் (இணைப்பு தொடங்குவது), டி.எல்.எஸ். (அதைப் பூட்டிப் பாதுகாப்பது), வெப் சர்வர் என்று எவ்வளவு ஆழம் வேண்டுமானாலும் போகலாம். தானாக நோண்டி நோண்டிப் படித்தவனுக்கு இந்தக் கேள்வி ராசியானது. பாடத்திட்டத்தில் வரிசையாகப் படித்தவனைவிட, வீட்டு ரவுட்டரை இரண்டு முறை கெடுத்தவன் இதற்கு நன்றாகப் பதில் சொல்வான்.

வாசலைப் பொறுத்தவரை சிஸ்டம்ஸ் பக்கம் கொஞ்சம் தாராளம். காரணம் பெருமைப்படும்படியானது அல்ல: நைட் ஷிப்டுக்கு ஆள் தேவை. பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் தயங்கும் இடத்தில் நம்மை உள்ளே விடுகிறார்கள். உள்ளே போனபின் கற்றுக்கொடுப்பது அந்த ராத்திரிகள்தான்.

என் மூன்றாவது மாதம் என்று நினைக்கிறேன். ராத்திரி இரண்டேகால். ஒரு வாடிக்கையாளரின் சர்வரில் டிஸ்க் நூறு சதவீதம் நிரம்பி டேட்டாபேஸ் நின்றுவிட்டது. தேடிப் பார்த்தால் முப்பது ஜி.பி.க்கு ஒரு லாக் (நடந்ததைப் பதிந்துவைக்கும்) கோப்பு. சந்தோஷமாக அழித்தேன். டிஸ்கில் நிரம்பிய இடத்தைக் காட்டும் டி.எஃப். கட்டளை கொடுத்தால் அப்போதும் நூறு சதவீதம்! டி.யு. கொடுத்துக் கோப்புகளைக் கூட்டினால் நாற்பது சதவீதம்கூட வரவில்லை. இரண்டு கட்டளை, இரண்டு கணக்கு. வேர்த்துவிட்டது. சீனியரைத் தூக்கத்தில் எழுப்பினேன். அவர் கோபப்படாமல் ஒரே கேள்வி கேட்டார்: "நீ அழிச்ச ஃபைலை யாருப்பா இன்னும் புடிச்சிட்டிருக்கான்?" லினக்ஸில் ஒரு புரோசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தால் பெயர்தான் போகும், அந்தப் புரோசஸ் கையை விடும்வரை இடம் திரும்ப வராது. எந்தக் கோப்பை எது திறந்து வைத்திருக்கிறது என்று காட்டும் எல்.எஸ்.ஓ.எஃப். கொடுத்துப் பார்த்தால் வெப் சர்வர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறது. ரீஸ்டார்ட் செய்ததும் முப்பது ஜி.பி.யும் வந்தது. கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு என்பதைப் புத்தகத்தில் ஏற்கெனவே படித்திருந்தேன். படித்தது அன்றைக்குத்தான் உள்ளே இறங்கியது.

இதன் விலை உடம்பு. ஆன்கால், அதாவது எந்நேரம் கூப்பிட்டாலும் வேலை பார்க்கும் முறை, என்றால் கல்யாண வீட்டுப் பந்தியிலும் லேப்டாப் பை தோளில் இருக்கும். மாதத்துக்கு 99.9 சதவீதம் ஓடும் என்று நிறுவனம் கையெழுத்துப் போட்டிருந்தால், முப்பது நாளில் மொத்தம் 43 நிமிடம்தான் படுக்கலாம். 99.99 என்றால் நாலே நிமிடம் சொச்சம்; நீ போனை எடுத்துக் கண்ணைக் கசக்குவதற்குள் முடிந்துவிடும். டெவலப்பர் வாழ்க்கையிலும் டெட்லைன் உண்டு, ஆனால் அது பகலில் வரும்.

சம்பளம், வளர்ச்சி

இதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. நான் பார்த்தவரை முதல் மூன்று நான்கு வருடம் டெவலப்பர் சம்பளம் வேகமாக ஏறும். சிஸ்டம்ஸ் ஆள் சப்போர்ட்டிலேயே தேங்கிவிட வாய்ப்பு அதிகம். கோடு எழுதத் தெரிந்த சிஸ்டம்ஸ் ஆளானால் அப்புறம் இருவரும் சமம்.

அந்தக் கடைசி வரி முக்கியம். 2003-ல் கூகுளில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் குழுவை பென் ட்ரெய்னர் ஸ்லாஸ் என்ற சாஃப்ட்வேர் இன்ஜினியரிடம் கொடுத்தார்கள். அதற்கு சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியரிங் என்று பெயர் வைத்தவர் அவர்தான். டிக்கெட் (வரும் புகார்கள்), ஆன்கால் போன்ற கைவேலை ஓர் ஆளின் நேரத்தில் பாதிக்குமேல் போகக் கூடாது, மீதி நேரம் அந்தக் கைவேலையை ஒழிக்கும் கோடு எழுத வேண்டும் என்பது அங்கே விதி. எட்டாயிரம் சம்பளத்தில் நூறு சர்வரில் ஒரே கட்டளையை நூறு முறை அடித்தவனுக்கு அது எவ்வளவு பெரிய விதி என்று தெரியும். நான் கோடு எழுதக் கற்றதே அந்தச் சலிப்பில்தான்.

டிகிரி இல்லாத குறை எங்கே கடிக்கும்

உள்ளூரில் இரண்டாவது வேலைக்குப் பிறகு யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. விமானம் ஏறும்போதுதான் கடிக்கும், அதுவும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி. அமெரிக்காவின் ஹெச்-1பி விசாவுக்கு இளநிலைப் பட்டம் அல்லது அதற்கு ஈடு வேண்டும். ஒரு வருடக் கல்லூரிக்கு மூன்று வருட அனுபவம் ஈடு என்பது கணக்கு. பட்டமே இல்லாதவன் பன்னிரண்டு வருட அனுபவம் காட்ட வேண்டும். ஜெர்மனி 2023 நவம்பரிலிருந்து ஐ.டி. ஆட்களுக்கு மட்டும் தளர்த்தியிருக்கிறது: கடந்த ஏழு வருடத்தில் மூன்று வருட அனுபவமும் குறிப்பிட்ட சம்பளமும் இருந்தால் பட்டம் இல்லாமலே ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதி உண்டு.

வேலையில் இருந்துகொண்டே படிக்க முடிந்தால் படித்துவிடு என்பேன். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் ஆன்லைன் படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை. பாடம் வீட்டிலிருந்து, தேர்வுகளை மட்டும் மையத்துக்குப் போய் எழுத வேண்டும். நடுவில் நிறுத்தினாலும் அதுவரை முடித்த கட்டத்துக்கான சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும்.

சில கன்சல்டன்சிகள் "மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றோம்" என்று கூப்பிடும். போகாதே. பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனியில் எந்த மாதம் இருந்தாய் என்பது வந்துவிடும். அப்படி மாட்டிக்கொண்டவன் ஒருவனை, சேர்ந்த நாற்பதாவது நாள் செக்யூரிட்டி வாசல்வரை கூட்டிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

என் கட்சி

ஏஐ வந்தபின் டெவலப்பர் பக்கத்தின் அந்த ஒரு வசதி, அதாவது காட்டுவதற்குப் பொருள், கொஞ்சம் மங்கிவிட்டது. அழகான கிட்ஹப் பக்கத்தைப் பார்த்தால் "இதை யார் எழுதியது?" என்ற சந்தேகம்தான் எனக்கே முதலில் வருகிறது. சீட்டுக் கசர் போல ஒரு கதை பின்னால் இருந்தால்தான் நம்புகிறேன். உடைந்த மெஷின் முன்னால் உட்காரவைத்துப் பார்க்கிற சிஸ்டம்ஸ் இன்டர்வியூவை அந்தச் சந்தேகம் இன்னும் தொடவில்லை.

செய்தே தீர வேண்டும் என்று மனதில் ஓர் ஆப் உறுத்திக்கொண்டிருந்தால் நேராக டெவலப்பராகவே முட்டிப்பார். அப்படி எதுவும் இல்லை, மெஷின் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் ஆர்வம் என்றால் சிஸ்டம்ஸ் வழியாக உள்ளே போ. ஆனால் முதல் நாளிலிருந்தே கையால் இரண்டு முறை செய்ததை மூன்றாம் முறை ஸ்கிரிப்டாக எழுது. எனக்கு ஆறு வருடம் ஆனது. உனக்கு மூன்று போதும்.

மாப்ள, இது உனக்கு மட்டும்: ஓசூரில் நீ வேலை பார்க்கிற தொழிற்சாலையிலேயே எங்காவது ஒரு சர்வர் ரூம் இருக்கும். ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும், கதவு எப்போதும் பூட்டியிருக்கும். அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று நாளைக்கு டீ குடிக்கும்போது விசாரி. அவரோடு இரண்டு நாள் டீ குடித்துவிட்டுப் போன் பண்ணு.