மக்காச்சோள வைரஸ் எதிர்ப்பு: இரண்டு பெற்றோரா, நூற்றுக்கணக்கான செடிவழிகளா?

2011 செப்டம்பரில் கென்யாவின் பொமெட் பகுதியில் மக்காச்சோளம் நின்ற இடத்திலேயே காய்ந்தது. இலைப்பேன் பரப்பும் வெளிர்புள்ளி வைரஸும் (எம்.சி.எம்.வி.), அசுவினி பரப்பும் கரும்பு மொசைக் வைரஸும் ஒரே செடியில் சேர்ந்துகொண்டதால் வந்த கொல்நோய் அது, சுருக்கமாக எம்.எல்.என். அங்கே புழக்கத்தில் இருந்த ரகங்கள் பெரும்பாலும் தாங்கவில்லை. சரி, தாங்கும் மரபணுவை எங்கே, எப்படித் தேடுவது?

முதல் முறை பழையது. நோயைத் தாங்கும் ஒரு செடிவழியையும் (தலைமுறை தலைமுறையாகத் தன்னோடே கலந்து, பண்பு மாறாமல் நிலைப்படுத்திய வகையையும்) தாங்காத ஒன்றையும் கலந்து, பேரப்பிள்ளைத் தலைமுறையில் நோய் எந்தக் குரோமோசோம் துண்டோடு சேர்ந்து போகிறது என்று பார்ப்பது. இரண்டாவது, நூற்றுக்கணக்கான வெவ்வேறு செடிவழிகளை ஒன்றாக நட்டு, மரபணுத் தொகுதி முழுவதையும் ஒரே நேரத்தில் சலிப்பது. புதிதாகக் கலப்புச் செய்து காத்திருக்க வேண்டாம், மரபணு இருக்கும் இடத்தையும் நுணுக்கமாகக் காட்டும். அதனால்தான் பலருக்கும் இரண்டாவதன் மேல் ஆசை.

ஆனால் எம்.எல்.என். விஷயத்தில் என் ஓட்டு முதல் முறைக்குத்தான். அரிதான மரபணு வடிவம் என்றால் பெரிய தொகுப்பில் இரண்டு மூன்று செடிவழிகளில் மட்டுமே இருக்கும். கணக்கில் அது தற்செயல் போலவே தெரிந்து, கழிந்துபோகும். ஆப்பிரிக்கச் செடிவழிகளில் இரண்டாவது முறையில் தேடியபோது கிடைத்தவை பெரும்பாலும் சிறு விளைவு கொண்ட பல இடங்கள். பெரிய விளைவு தாய்லாந்தின் கசெட்சார்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கே.எஸ்.23 செடிவழிகளில் இருந்தது. அவற்றை, நோய் தாங்காத செடிவழிகளோடு கலந்தபோதுதான் ஆறாவது குரோமோசோமில் அந்த இடம் தெளிவாகத் தெரிந்தது.

கரும்பு மொசைக் வைரஸ் மட்டும் என்றால் நிலைமை இவ்வளவு கடினம் இல்லை. ஆறாவது, மூன்றாவது குரோமோசோம்களில் அதற்கு வலுவான இரண்டு இடங்கள் முன்பே தெரியும். அவற்றில் உள்ள மரபணுக்களையும் சீன ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துவிட்டார்கள்.

எந்த முறையை எடுத்தாலும், எல்லாச் செடிக்கும் ஒரே அளவில் நோய் ஏறியிருக்க வேண்டும். பூச்சி கடிக்காமல் தப்பிய செடியை எதிர்ப்புள்ள செடி என்று எழுதிவிட்டால், பிறகு எவ்வளவு நல்ல கணக்கும் காப்பாற்றாது. 2013இல் நைவாஷாவில் சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆய்வு மையமான சிம்மிட்டும் கென்ய வேளாண் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து சோதனைப் பண்ணை திறந்தது இதற்காகத்தான். நோயுற்ற இலைச் சாற்றை உராய்வுத் தூளோடு கலந்து செடிகளுக்குத் தெளித்து, 1 (நோயே இல்லை) முதல் 9 (செடி செத்தது) வரை மதிப்பெண் போடுகிறார்கள். இந்த வேலைக்குப் பேர் கிடைப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அப்புறம், கண்டுபிடித்ததை நல்ல ரகத்துக்குள் கொண்டுபோவது எப்படி? கே.எஸ்.23இன் எதிர்ப்பு ஒடுங்கு பண்பு. வீரிய ஒட்டு ரகத்தின் ஒரு பெற்றோரில் மட்டும் இருந்தால் பயன் இல்லை, இரண்டு பக்கமும் வேண்டும். பின்கலப்பில், அதாவது கலப்புச் செடியை மீண்டும் மீண்டும் நல்ல பெற்றோரோடே கலக்கும் முறையில், ஒவ்வொரு பெற்றோருக்கும் தலைமுறை தலைமுறையாக மார்க்கர் (அந்தத் துண்டைக் காட்டும் டி.என்.ஏ. அடையாளம்) பார்த்து இதைச் செய்ய வேண்டும். கூடவே பக்கத்தில் உள்ள வேண்டாத துண்டும் ஒட்டிக்கொண்டு வரலாம். நல்ல ரகத்தின் மரபணுவையே நேரடியாக மாற்றும் மரபணுத் திருத்தத்தில் அந்த இழுவை இல்லை, காலமும் மிச்சம். ஆனால் அதற்குத் துண்டின் இடம் மட்டும் தெரிந்தால் போதாது, மரபணுவே எதுவென்று உறுதியாகத் தெரிய வேண்டும். அந்த உறுதி கிடைக்கும்வரை பின்கலப்பை நிறுத்தி வைக்கக் கூடாது என்பது என் கருத்து. விதைக்கும் பருவம் யாருக்காகவும் காத்திருக்காது.